பொம்மை வீட்டின் போர்ட்டிகோ

நானும் கணவரும் பிரிந்த பிறகு மகள் அவள் அப்பாவோடு திருமயத்தில் இருக்கிறாள், நான் ஆலங்குடியில். மாதம் ஒரு ஞாயிறுதான் எங்களுக்கு. போன முறை நான் செய்து கொடுத்த பொம்மை வீடு அவளுக்குப் போதவில்லை.

"ஸ்கூல் எக்ஸிபிஷன்ல வைக்கணும்மா. முன்னாடி போர்ட்டிகோ இல்லாம மொட்டையா இருக்கு" என்றாள் போனில்.

போர்ட்டிகோவின் கூரை விளிம்பில் அலை அலையாய் வளைந்த மரச்சட்டம் வேண்டுமாம். வேலை முடிந்து வந்து, மெல்லிய ப்ளைவுட்டில் பென்சிலால் வரைந்து, நூல் போன்ற அலகு கொண்ட சின்ன ரம்பத்தால் அறுத்தேன். வளைவில் திரும்பும்போதெல்லாம் மரம் சில்லு பெயர்ந்தது. நான்கு சட்டங்கள் வீணாயின. ஐந்தாவதை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை அடித்தேன். அவளுக்கு நீலம்தான் பிடிக்கும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வெள்ளையைச் சுரண்டிவிட்டு நீலம் அடித்தேன். விரல் நகங்களில் ஏறிய பெயிண்ட் ஒரு வாரம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோவைக் கொண்டுபோய் ஒட்டிக் கொடுத்தேன்.

எக்ஸிபிஷனுக்கு என்னை அவள் கூப்பிடவில்லை. நானாகத்தான் லீவு போட்டுப் போனேன். பொம்மை வீட்டுக்கு முன்னால் ஓர் அட்டை: 'உதவி: அப்பா'.

டீச்சர் என்னிடம் வந்து, "அவங்கப்பா செஞ்சதுங்க. இந்தக் காலத்துல எந்த அப்பா இப்படி மெனக்கெடுறாங்க? நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "பெரியம்மா, மிஸ்" என்றாள் மகள்.

பக்கத்தில் நின்ற அவள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் ஊர் முன்னால் பொய்க்காரி ஆவது பிள்ளைதானே.

டீச்சர் நகர்ந்ததும் அவளை மாடிப்படிக்கு அடியில் கூட்டிப்போனேன். "ஏண்டி?"

"அம்மா செஞ்சதுன்னு சொன்னா, அம்மா ஏன் ஒங்க கூட இல்லைன்னு கேப்பாங்க. கேட்டா அழுவேன்." அவள் முகம் ஏற்கெனவே கோணியிருந்தது. தலையைத் தடவி, "சரி, போ" என்றேன்.

வாசல் வரைக்கும் வந்த அவரிடம், "அட்டையில நீங்களாவது மாத்தி எழுதியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"புள்ள ஆசைப்பட்டு எழுதுனுச்சு. இதப் போயி பெருசாக்காத" என்றார். அவர் கையில் பரிசுச் சான்றிதழ் இருந்தது.

அடுத்த வாரம் அவள் போனில் பொம்மை வீட்டு மாடிக்கு ஏணி கேட்டாள். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். நேரம் இருந்தது.