தீவுக்கு எந்த மாதம் போகலாம்?

மூன்று வருடங்களுக்கு முன்பு, புரட்டாசி மாதத்தில் ஆரம்பித்த கதை இது. என் நாத்தனாருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருப்பது அரியலூர். அவள் ஆலத்தியூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை, நினைத்தபோது லீவு கிடைக்காது. அதனால் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அவளுக்கும் அதுவரை பெரிய ஒட்டுதல் கிடையாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில், ரசத்தில் உப்பு இல்லை என்று ஊரையே கூட்டியவள் அவள். நானும் சளைத்தவள் இல்லை, அவள் வளைகாப்புக்கு வேண்டுமென்றே லேட்டாகப் போனேன். இப்படி இருந்த இரண்டு பேரைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே கட்டில் பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன பேசுவது? மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். அவள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள், நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அவள் தன் போனை என் பக்கம் நீட்டினாள். கிரீஸ் நாட்டில் இருக்கும் ஒரு தீவைப் பற்றிய வீடியோ. கிரீஸ் என்றாலே வெள்ளை வீடும் மொட்டைப் பாறையும்தான் காட்டுவார்கள். இது அப்படி இல்லை. மலை உச்சியிலிருந்து கடல் தண்ணீர் வரைக்கும் பச்சைப் பசேல் என்று பைன் மரங்கள், ஆலிவ் தோப்புகள். தாசோஸ் என்று பெயர்.

"தாசில்தார் ஆபீஸ் மாதிரி பேரு வச்சிருக்கானுங்க," என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நோய் வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"எங்க வூட்டுப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டுல புழுதி படிஞ்சி வேப்பமரமே வெள்ளையாத்தான் நிக்கிது அண்ணி. மழை பேஞ்சாத்தான் அது பச்சைன்னே தெரியுது. இப்படி ஒரு எடத்துல நாலு நாள் இருந்துட்டு வரணும்."

"ஒடம்பு தேறட்டும், போயிட்டு வருவோம்," என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி போகும் நாளெல்லாம் எங்களுக்கு இதே வேலையாகிவிட்டது. சென்னையிலிருந்து ஏதென்ஸ், அங்கிருந்து சின்ன விமானத்தில் கவாலா என்கிற ஊர், அப்புறம் காரையே ஏற்றிக்கொண்டு போகும் படகு. இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் கூடக் கிடையாது, ஆனால் எந்தக் கடற்கரையில் குளிப்பது என்று சண்டை போட்டோம். எனக்குக் கடலோரமாக ரூம் வேண்டும். அவளுக்கு மலைமேல் இருக்கும் கிராமத்தில் வேண்டும். குக்கர் எடுத்துக்கொள்ள வேண்டும், பருப்புப் பொடியும் ஊறுகாயும் போதும், மீனை அங்கேயே வாங்கிக் குழம்பு வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அந்தத் தீவில் பளிங்குக்கல் வெட்டி எடுக்கிறார்கள் என்று நான் படித்துக் காட்டியபோது, "அங்கயும் லாரி வந்துடுச்சா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரரைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். "அண்ணனைக் கூட்டிட்டுப் போனா எறங்கின ஒடனே சோறு எங்கன்னு கேப்பாரு." கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா.

ஐப்பசியில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னையும் என் வீட்டுக்காரரையும் மட்டும் தனியாகக் கூப்பிட்டார். கல்லீரலுக்குப் பரவிவிட்டது, பொங்கல் வரை தாங்கினால் பெரிய விஷயம் என்றார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் சொன்ன வார்த்தை, "அவகிட்ட மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே ஒடிஞ்சி உக்காந்துடுவா" என்பதுதான்.

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. ஆள் செத்தே போயிருந்தாலும் வெளியூரில் இருப்பவருக்குப் போன் போட்டு 'சீரியஸ், உடனே கிளம்பி வா' என்றுதான் சொல்வோம். நோயாளியிடம் நோயைச் சொல்வது அவர்களைக் கொல்வதற்குச் சமம் என்று நினைப்பு. என் நாத்தனாருக்கு ஒரே மகள், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருந்தோம். அது நாத்தனாரே எடுத்த முடிவு; தீபாவளிக்குக்கூட வர வேண்டாம், படி என்று சொல்லிவிட்டாள். சித்திரைக்குள் பரீட்சை முடிந்துவிடும், தனக்கும் சரியாகிவிடும், முடியெல்லாம் வளர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு பொய்யாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியாது. தாய்க்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது, நடுவில் நாங்கள் எல்லாம் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

அடுத்த தடவை பெரம்பலூர் போனபோது அவள் உற்சாகமாகத்தான் இருந்தாள். ஊசி குத்தி மருந்து இறங்க ஆரம்பித்ததும் போனை எடுத்துக்கொண்டாள்.

"எந்த மாசம் போலாம்னு பாத்துட்டேன் அண்ணி. சித்திரையில அங்க மலையெல்லாம் பூவா இருக்குமாம். புள்ளைக்கும் பரீட்சை முடிஞ்சிடும். மூணு பேரா போயிட்டு வந்துடுவோம்."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாவம், ஆசையையாவது கிட்டே கொண்டுவந்து கொடுப்போமே என்று தோன்றியது. "சித்திரை வரைக்கும் எதுக்கு இழுக்கணும்? அடுத்த மாசமே கெளம்பிடுவோம். உங்க அண்ணன்கிட்ட நான் பேசறேன், பாஸ்போர்ட் ஆபீஸ்ல அவசரம்னு கேட்டா குடுத்துடுவாங்க," என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அவள் போனை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"கார்த்திகையில அங்க குளிரு, காத்து அடிச்சா படகை நிறுத்திடுவாங்கன்னு நீங்கதானே படிச்சிக் காட்டுனீங்க."

நான் ஏதோ உளறினேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. திருமானூரில் கொள்ளிடம் பார்க்கப் போகலாம் என்றாலே கரும்பு வெட்டு முடியட்டும், கல்யாண சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிற ஆள் நான். எங்கள் வீட்டில் என்னை அதை வைத்தே கேலி செய்வார்கள். அதுவும் அவளுக்கு முப்பது வருடமாகத் தெரிந்த சங்கதி.

"நீங்க அவசரப்பட்டு நான் பாத்ததே இல்லை அண்ணி," என்றாள். அப்புறம், "பொங்கல் வரைக்குமாவது இருப்பேனா?" என்று கேட்டாள்.

அழுதுவிட்டேன். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நர்ஸ் வந்து பாட்டிலை மாற்றிவிட்டுப் போனாள். அப்புறம் நாத்தனார் திரும்பாமலே சொன்னாள். "புள்ளைய வரச் சொல்லுங்க. பரீட்சை கெடக்கட்டும்."

அன்று வீட்டில் எனக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சம் இல்லை. "ஒரு விஷயத்தை வயித்துல வச்சிக்கத் தெரியுதா உனக்கு?" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். பிறகு பல நாள் என்னிடம் பேசவே இல்லை. அவர் பயந்தபடிதான் நடந்தது. நாத்தனார் சாப்பாட்டைக் குறைத்தாள். போனைத் தொடவில்லை. யார் போனாலும் கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் அவளைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்து நினைத்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

மகள் வந்து சேர்ந்தாள். வந்ததும் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டாள். "அல்சர்னு சொன்னீங்களே அத்தை. நான் வாரா வாரம் போன் பண்ணி, மோர் குடிம்மா, காரம் சாப்பிடாதம்மான்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே." அதன் பிறகு அவள் கோயம்புத்தூர் திரும்பவில்லை. அம்மாவை ஒட்டியே கிடந்தாள். நான் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள், சில சமயம் சண்டைகூட நடக்கும், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். எனக்கு உள்ளே போகவே கூச்சமாக இருக்கும்.

மார்கழியில் ஒரு மத்தியானம் மகள் குளிக்கப் போயிருந்தபோது நான் மட்டும் கட்டிலருகே இருந்தேன். நாத்தனார் எலும்பும் தோலுமாக இருந்தாள். கண்ணைத் திறந்து, "அண்ணி, படகுல ஏறிட்டமா?" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து இந்தப் பயணத்தை மணிக்கணக்காகப் பேசினேனே, அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவளே சொன்னாள், விட்டு விட்டு, எனக்காகச் சொல்வது போல. படகு கரைக்கு வந்துவிட்டதாம். மரமெல்லாம் தண்ணீர் வரைக்கும் இறங்கி நிற்கிறதாம். புழுதியே இல்லையாம்.

"நீங்க புள்ளைய கூட்டிக்கிட்டு எறங்குங்க அண்ணி," என்றாள். "நான் பையைப் பாத்துக்கிட்டு இங்கயே இருக்கேன்."

பொங்கலுக்கு முன்னாலேயே போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள், நல்லவேளை பெண் பக்கத்தில் இருந்தாள் என்று பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். நான் வாய் தவறி நல்லது செய்தேனா, அவளுக்கு மிச்சமிருந்த ஆசையைப் பிடுங்கிக்கொண்டேனா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது: சொந்தத்தில் யாராவது என் காதோரம் வந்து 'அவங்ககிட்ட சொல்லிடாதீங்க' என்றால், அந்த நோயாளிக்கு மிச்சமிருக்கும் நாட்களை அவருக்குத் தெரியாமல் நாம் எடுத்து ஒளித்து வைத்துக்கொள்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.