சோள ரொட்டிக்காரியின் கணவர்

லிஃப்ட் பழுது பார்க்கிற அந்த மனிதருக்குப் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது அவருடைய அக்காதான். உச்சி மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கச் சொன்னால் தொங்குவார். அக்கா எதிரில் உட்கார்ந்து புருவத்தைத் தூக்கினால் கை கால் ஓடாது. அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாகவே அக்காவைக் கூட்டிக்கொண்டு வெளியே சாப்பிடப் போனார் என்றால், காரணம் இல்லாமல் இருக்குமா?

காரணம் அவர் மனைவி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வையும் துண்டும் துவைத்தே பாதி ஆயுசைக் கழித்தவள். சலவைக்கூடத்தை இழுத்து மூடியபோது மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. தெருமுனையில் புதிதாகத் திறந்திருந்த மெக்சிகோ பாணி உணவகத்தில் தட்டு கழுவச் சேர்ந்துவிட்டாள். "ஊரார் எச்சில் தட்டைக் கழுவவா நம்ம வீட்டுக்கு வந்தா?" என்று அக்கா கேட்டது அவள் காதிலும் விழுந்தது. தட்டைக் கழுவிக்கொண்டே அடுப்பு வேலையைப் பார்த்துப் பார்த்துப் பழகி, இப்போது அங்கே சமையல்காரியாகவே ஆகிவிட்டாள். அதை அக்கா கண்ணால் பார்த்தாக வேண்டும் என்பது லிஃப்ட்காரரின் தீராத ஆசை.

"தாராளமா அண்ணியக் கூட்டிட்டு வாங்க," என்றாள் மனைவி. "ஆனா அங்க எது என் கைப் பண்டம்னு சொல்ல மாட்டேன். இத்தனை வருஷமா என் சமையலைத்தானே சாப்பிடுறீங்க? நீங்களே கண்டுபிடிங்க பாப்போம்."

"இதென்ன பிரமாதம்? முதல் வாயிலயே சொல்லிடுவேன்," என்று மார் தட்டினார். அதை அக்காவிடமும் சொல்லித் தொலைத்தார்.

உணவகம் கண்ணைப் பறித்தது. நீல ஓடு பதித்த சுவர், ஜன்னலோரம் கள்ளிச்செடித் தொட்டிகள், கூடையைக் கவிழ்த்த மாதிரி விளக்குகள். அழகுக்குக் குறைச்சலில்லை, உட்காரத்தான் வழியில்லை. சாய்ந்துகொள்ள இடமில்லாத உயரமான முக்காலிகள். அக்கா ஏறி உட்காருவதற்குள் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். சமையலறை ஒரு பாதிச் சுவருக்குப் பின்னால் இருந்தது. வெள்ளைத் தொப்பிகள் மட்டும் தெரிந்தன. எது தன் வீட்டுத் தொப்பி என்று அவருக்குப் பிடிபடவில்லை.

காபி மண் குவளையில் வந்தது, ஆறிப்போய். "இதுவும் அவ போட்டதா?" என்றாள் அக்கா. அவசர அவசரமாக மறுத்தார்.

பிறகு கறுப்பு பீன்ஸ். மேலே கொத்தமல்லி, உதிர்த்த பாலாடைக்கட்டி. பார்க்கவே ஜோராக இருந்தது. வாயில் வைப்பதற்கு முன்பே, "இதுதான்க்கா! இது அவ கைதான்!" என்றார். அக்கா ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தாள். உப்பே இல்லை.

"வீட்டுலயும் இப்படித்தானா? பாவம்டா நீ."

அடுத்தது தக்காளி சல்சா ஊற்றிய முட்டை. விட்டதைப் பிடிக்கிற வெறியில், "சரி, இது. சத்தியமா இது," என்றார். முட்டை செருப்புத் தோலாக முறுகியிருந்தது. சல்சா காரம் கண்ணீர் வரவழைத்தது. அக்கா மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தாள். குவளையை வைத்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினாள். அவருக்கு மானமே போயிற்று. பெருமைப்படுத்தக் கூட்டிவந்துவிட்டு, யாரோ செய்த கோளாறையெல்லாம் மனைவி தலையில் கட்டுகிறோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

கடைசியில் துணி மூடிய கூடையில் சோள ரொட்டி வந்தது. மெனுவில் அதற்கு டார்ட்டியா என்று பெயர். இந்தத் தடவை லிஃப்ட்காரர் உஷாராகிவிட்டார்.

"இது அவளுது இல்லக்கா. வேற யாரோ சுட்டது," என்று முந்திக்கொண்டார்.

அக்கா ஒன்றைப் பிய்த்தாள். குப்பென்று ஆவி எழுந்தது. வாயில் போட்டவள் மெல்வதைக் கொஞ்சம் நிறுத்தினாள். மறுபடி மென்றாள். உப்பில்லாத பீன்ஸை அதில் வைத்துச் சுருட்டினாள். அந்த பீன்ஸ்கூட ருசித்தது. அவர் ஒன்று தின்பதற்குள் கூடையைக் காலி செய்துவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள்.

"இதை யாருங்க செய்யறது?"

"எங்க ரொட்டி அக்காங்க. தட்டு கழுவ வந்தவங்கதான். ரொட்டி சுடுறவர் திடீர்னு வேலையை விட்டுப் போனப்போ, நான் பண்றேன்னு வந்து நின்னாங்க. மாவு பிசையறது, தட்டுறது, சுடுறது எல்லாமே அவங்கதான். ஞாயித்துக்கிழமை கூட்டமே இதுக்குத்தான் வருது."

லிஃப்ட்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து நின்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும்போல் இருந்தது. எப்படிச் சொல்வது? சற்று முன்தான் தன் வாயாலேயே அவளுடையது இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்கிறாரே!

அதற்குள் மனைவியே வந்துவிட்டாள். ஏப்ரனில் மாவு, முழங்கை வரை சுட்ட தழும்புகள், நெற்றியில் வேர்வை.

"என்ன அண்ணி, உங்க தம்பி கண்டுபிடிச்சாரா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் அவள் கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. அவர் காலிக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவருடைய ஒரு பொய்யையும் விட்டுவைக்காமல் பிடித்துக் கொடுத்தவள் அவள்.

"வாயில வச்ச உடனே சொல்லிட்டான்மா," என்றாள். "எனக்குத்தான் நம்பிக்கை வரல."

பக்கத்து முக்காலியில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம்தான் கால் கடுக்க நிப்ப? வா, இப்படி என் பக்கத்துல உக்காரு."