பிரகாசம் அண்ணையின் வியாழக்கிழமைகள்

கனகம் எனக்குப் போன் எடுக்கிறாள் என்றால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். என் மகளின் கல்யாணத்துக்குப் பிறகு வேறு எதற்கும் அவள் என் நம்பரைத் தொட்டதில்லை. அன்று காலை பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தேன். போனில் அவள் பெயரைக் கண்டதும் அடுப்பை நிறுத்திவிட்டேன்.

“பாக்கியம், பிரகாசம் அண்ணை போயிட்டார். ஆஸ்பத்திரியிலை, நித்திரையிலையாம்.”

கதிரையில் இருந்துவிட்டேன். பிறகு கேட்டாள்: “இனி வியாழக்கிழமை என்ன செய்யிறது?”

எனக்கும் அதே கேள்விதான் முதலில் வந்தது. அதை அவளிடம் ஒப்புக்கொள்ள மனம் வராமல், “செத்தவீடு முடியட்டும்” என்று சொல்லி போனை வைத்தேன்.

பிரகாசம் அண்ணையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப்பெயர் ஞானப்பிரகாசம். மன்னாரில் பிறந்த வேதக்காரர், கத்தோலிக்கர். லண்டனுக்கு வந்து பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்து, குட்மேய்ஸில் வீடு வாங்கி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர். பாடத் தெரியாது. ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் அவரைப் போல் பாட்டுக் கேட்கிற ஒரு மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

செவன் கிங்ஸில் ஒரு மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுப்பார்கள். என் மனுசன் போன பிறகு மகள்தான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டாள். போனால் எல்லாரும் ஒரே கதை. ஒருவருக்குச் சீனி, ஒருவருக்குப் பிரஷர், ஒருவருக்கு முழங்கால். மூலையில் கனகம் வேறு இருந்தாள். திரும்பிப் போகலாம் என்று கொக்கியில் கொழுவியிருந்த குளிர்க் கோட்டை எடுத்தேன். அப்போதுதான் அண்ணை எழும்பினார்.

“மருந்துக் கதை போதும். இந்தக் கிழமை ஆர் ஆர் என்ன பாட்டுக் கேட்டனீங்கள்?”

அவர் என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, நீங்கள்?”

“பாட்டுக் கேக்க எங்கை அண்ணை நேரம்? ஐஸ்கிரீம் வண்டிப் பாட்டுத்தான் கேட்டனான்.”

எல்லாரும் சிரித்தார்கள். கனகம் கூடச் சிரித்தாள், அதையும் நான் குறித்துக்கொண்டேன். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தார்.

“அது எப்பிடிப் போகும்? ஒருக்கா இழுத்துக் காட்டுங்கோ.”

வெட்கத்தோடு முணுமுணுத்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். “கடைசியிலை ஒரு சறுக்கல் இருக்கே, பற்றரி குறைஞ்சு போச்சோ?” என்று கேட்டார். உண்மைதான். எங்கள் தெருவுக்கு வரும் வண்டியின் பாட்டு முடிகிற இடத்தில் கொஞ்சம் இழுபடும். அதை நான் கேட்டிருக்கிறேன் என்பதே அவர் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கோட்டைத் திரும்பவும் கொழுவிவிட்டு இருந்தேன்.

அப்படித்தான் வியாழக்கிழமைக் கூட்டம் தொடங்கியது. சாப்பாடு முடிந்ததும் வட்டமாகக் கதிரை போடுவோம். அண்ணையின் சட்டங்கள் இரண்டு. கொண்டுவருகிற பாட்டுப் பழையதாகவும் இருக்கலாம், புதியதாகவும் இருக்கலாம், ஆனால் அதை அந்தக் கிழமை கேட்டிருக்க வேண்டும். மற்றது, உன் பாட்டைப் போடுவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிறவரின் பாட்டைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். “நல்லாயிருக்கு” என்றால் விடமாட்டார்.

“நல்லாயிருக்கெண்டது சோத்துக்குச் சொல்லுறது. பாட்டிலை என்ன கேட்டுது, அதைச் சொல்லுங்கோ.”

மற்ற நாட்களில் கேட்பதை வாட்ஸ்அப் குறூப்பில் போட வேண்டும். அதையும் அவரே எங்கள் போன்களில் ஏற்றித் தந்தார்.

என்னைக் கனகத்துக்குப் பக்கத்தில் இருத்தியது அண்ணைதான். தெரிந்துதான் செய்தார். எனக்கும் அவளுக்கும் என்ன என்று கேட்டால், சொல்கிறேன். என் மகளின் கல்யாணத்துக்கு மேளக்காரர் கிடைக்கவில்லை. இந்த நாட்டில் அப்போது நல்ல முகூர்த்தத்துக்கு ஆள் பிடிப்பது லேசான காரியமில்லை. மேளத்தைக் கசட்டில் போட்டுத்தான் தாலி கட்டினோம். இவள் சம்பந்தி வீட்டாருக்கு நடுவில் நின்று, “இது கசட் கல்யாணம்” என்றாள். அவர்கள் சிரித்த சிரிப்பு என் காதில் இன்னும் இருக்கிறது. அது போகாது, போகவும் தேவையில்லை.

ஒரு வியாழன் கனகம் நாதஸ்வரம் ஒன்றைப் போட்டாள். வேண்டுமென்றே போட்டாள் என்று நினைத்தேன். ஒரு குறையாவது பிடிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டேன். குறை அகப்படவில்லை. வேறொன்று அகப்பட்டது.

“ஊதுறவர் மூச்சு எடுக்கிற இடத்திலை தவில்காரர் முந்திப் பாயேல்லை. சின்னதாத் தட்டிக்கொண்டு நிக்கிறார். அவர் வந்தாப் பிறகுதான் பெரிசா அடிக்கிறார்.”

கனகம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பார்த்தியளே! கோவத்தோடை கேட்டாலும் காது தன்ரை வேலையைச் செய்யும், தங்கச்சி!” என்று தொடையில் அடித்துக்கொண்டார்.

தான் கேட்பதற்கு அவர் ஒரு எல்லையும் வைக்கவில்லை. பஸ்ஸில் ஒரு பெடியன் போனைச் சத்தமாகப் போட்டால் நாங்களெல்லாம் முகத்தைச் சுளிப்போம். இவர் அவன் பக்கத்தில் போய் இருந்து பாட்டின் பெயர் கேட்பார். “வேகமாப் பேசுறான், ஆனா தாளத்தை விட்டு இம்மியும் விலகேல்லை” என்று வியாழக்கிழமை எங்களுக்குப் போட்டுக் காட்டுவார்.

ஒருமுறை சிங்களப் பாட்டு ஒன்றைப் போட்டார். நான் எழும்பி வெளியே போய்விட்டேன். என் தம்பியை நாங்கள் எப்படிப் பறிகொடுத்தோம் என்பது எனக்குத் தெரியும். பஸ் தரிப்பில் நின்றேன். பாட்டு முடிந்த பிறகு அண்ணை வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

“நீங்கள் வெளியிலை வந்தது சரி, தங்கச்சி. நான் போட்டதும் சரி. உள்ளுக்கை வாங்கோ, கனகத்தின்ரை பாட்டுக்கு ஆர் சொல்லுறது?”

போனேன். அந்தப் பாட்டை நான் இன்றுவரை கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவரும் என்னைக் கேள் என்று சொன்னதில்லை. இரண்டு பேருடைய மனதுக்கும் இடம் வைத்துப் பேசத் தெரிந்த மனிதர்.

ஆஸ்பத்திரியில் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது மூக்கில் குழாய் இருந்தது. கேள்வி மாறவில்லை.

“இந்தக் கிழமை என்ன தங்கச்சி?”

“உங்கடை மெஷின்ரை கீச்சுத்தான் அண்ணை.”

சிரித்தார். தாதி ஒரு பிள்ளை, ஆபிரிக்கப் பிள்ளை, மருந்து தர வரும்போது வேதக்கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுப்பாளாம். “ஒரு வரியோடை நிப்பாட்டிப்போடும். நேற்றுக் கேட்டு அடுத்த வரியையும் வாங்கிப் போட்டன்” என்றார். நான் புறப்படும்போது சொன்னார்: “நான் இல்லாட்டியும் வியாழக்கிழமை வரும் தானே. விட்டுடாதேங்கோ.”

விடத்தான் பார்த்தோம். அதைச் சொல்லாமல் இந்த எழுத்து முடியாது.

அவர் போன அன்றே கனகம், குறூப்பில் போட்டால் அண்ணையின் போனுக்கும் போகும் என்று, எங்களுக்குத் தனித்தனியாக எழுதினாள்: “அண்ணைக்கு முப்பத்தொண்டு முடியுமட்டும் ஒருத்தரும் பாட்டுப் போடவும் வேண்டாம், கேக்கவும் வேண்டாம். துடக்கு.” அவள் சொன்ன ஒன்று எனக்குச் சரியென்று பட்டது அதுதான் முதல் தடவை. செத்தவீட்டுத் துடக்கு, அதாவது தீட்டு, முப்பத்தோராம் நாளில் கழியுமட்டும் பாட்டுக் கேட்பது எங்கள் சைவ ஆட்களுக்குப் பெரிய குற்றம். அண்ணை எங்களுக்குச் சொந்தமில்லை என்று யார் சொல்வது? சொந்தச் சகோதரத்துக்குக் காக்கிற துடக்கை அவருக்கும் காத்தோம். ரேடியோவைத் துணி போட்டு மூடினேன். அடக்கத்துக்கு முன் நடந்த பூசையில் அவருடைய ஆட்கள் சவப்பெட்டியைச் சுற்றி நின்று வாய்விட்டுப் பாடினார்கள். அதைப் பார்த்த பிறகும் எங்கள் யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டு வியாழன் போனது. மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழும்பினோம். கதிரைகளை யாரும் வட்டமாகப் போடவில்லை. ஒருவர் வராமல் விட்டார், பிறகு இன்னொருவர். ஒரு கூட்டம் இப்படித்தான் சத்தமில்லாமல் கலைந்துபோகும் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமை மரக்கறிக் கறி இரண்டு சமைத்துக்கொண்டு குட்மேய்ஸுக்குப் போனேன். அண்ணையின் மனைவி ரெஜினா எனக்கு மச்சாள், அதாவது அண்ணி முறை. முதியோர் இல்லத்தில் வருஷக்கணக்காக நைட் ஷிப்ட் செய்தவர், அதிகம் பேசமாட்டார். கறியை வாங்கி வைத்துவிட்டு என் முன்னால் வந்து இருந்தார்.

“பாக்கியம், ஒண்டு கேக்கிறன். அவர் உங்களுக்கு என்ன பிழை விட்டவர்?”

“என்ன மச்சாள் கதைக்கிறியள்!”

அண்ணையின் போனை எடுத்து மேசையில் வைத்தார். “நாளும் சார்ஜிலை போட்டு வைச்சிருக்கிறன். அவர் இருக்கேக்கை உங்கடை பாட்டு மூச்சுவிடாமல் வரும். அவர் கண்ணை மூடின நாள் தொட்டு ஒரு பாட்டும் வரேல்லை. ஆள் போனோடை எல்லாரும் மறந்திட்டியள்.”

“மறக்கேல்லை மச்சாள். துடக்குக் காக்கிறம். எங்கடை அண்ணை மாதிரி நினைச்சுத்தான் காக்கிறம்.”

மச்சாள் முகத்தைத் துடைத்தார். “அப்பிடியோ. நான் என்னெண்டு தெரியாமல் உங்களையெல்லாம் மனதுக்குள்ளை திட்டிக்கொண்டிருந்தன்.” போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: “இந்த வீட்டிலை பாட்டே இல்லை, தெரியுமோ? நான் ஷிப்ட் முடிச்சுப் பகலிலை படுக்கிறனான். என்ரை நித்திரை குழம்புமெண்டு அவர் காதிலை மாட்டிக்கொண்டுதான் கேப்பார். தலையை ஆட்டுவார், சிரிப்பார், ஒருக்கா அழுதவர். என்னத்துக்கெண்டு எனக்குத் தெரியாது. அவர் என்ன கேட்டவரெண்டு இப்பவெண்டாலும் கேப்பமெண்டு பார்த்தால்...”

நான் அங்கேயிருந்தே கனகத்துக்குப் போன் எடுத்தேன். நானாக எடுத்தேன்.

“வாற வியாழன் எல்லாரும் மச்சாள் வீட்டை. பாட்டோடை வா.”

“உனக்கென்ன விசரோ? முப்பத்தொண்டு முடியேல்லை!”

“அது எங்கடை துடக்கு. அவையின்ரை வீட்டிலை இல்லை.”

“அண்ணைக்கு அது கூடாது, பாக்கியம்.”

மச்சாள் போனை வாங்கினார். “பிள்ளை கனகம், எனக்கு இந்தச் சத்தமில்லாததுதான் கூடாது. வாங்கோ.”

வந்தார்கள். கனகம் வடையோடு வந்தாள். எங்கள் கூட்டத்து மதுரைக்காரர் சுந்தரம் சவுத்தாலிலிருந்து மாறாமல் ஒரே ரயிலில் வந்து இறங்கினார், கையில் ஒரு ஸ்பீக்கர். முன் அறையில் வட்டமாக இருந்தோம். மச்சாள், “சரி, இந்தக் கிழமை என்ன கேட்டனீங்கள்?” என்றார்.

அப்போதுதான் விளங்கியது. துடக்குக் காத்ததில் அந்தக் கிழமை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைப் போட அண்ணையின் சட்டத்தில் இடமில்லை. ஆளையாள் பார்த்தோம். சுந்தரம் தொண்டையைச் செருமினார். “தப்பா எடுத்துக்காதீங்க. வர்ற வழியில ரயில்ல ஒண்ணு கேட்டுட்டேன்.”

“துடக்குக்குள்ளையோ!” என்றாள் கனகம்.

“ஆமாங்க. மனசு கேக்கல.”

மச்சாள் சிரித்துவிட்டார். அண்ணை போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “தம்பி பாவம் செய்தது நல்லதாப் போச்சு. போடுங்கோ” என்றார்.

யாரோ ஒரு தாய் வீட்டுக்குள் பாடியதைப் போனில் பிடித்த தாலாட்டு அது. பக்கத்தில் வாத்தியம் ஒன்றும் இல்லை. நடுவில் குழந்தை இருமுகிறது. அவள் கொஞ்சம் தாமதித்துப் பாடுகிறாள். முடிந்ததும், அதற்கு ஒரு சொல் சொல்ல வேண்டியவர் யார் என்று பார்த்தோம். சுந்தரத்துக்குப் பக்கத்தில் இருந்தது மச்சாள்தான்.

“இருமினாப் பிறகு அவள் சத்தத்தைக் குறைச்சிட்டாள். பிள்ளையின்ரை மூச்சைக் கேட்டுக்கேட்டுத்தான் பாடுறாள்” என்றார். “நானும் இல்லத்திலை கிழவியளுக்குப் பக்கத்திலை இருந்து அப்பிடித்தான் மூச்சுக் கேப்பன்.”

கனகம் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் அப்படித்தான். ஆனால் அவள் பார்க்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அண்ணையின் போனில் கடைசியாக வந்து கிடந்த பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டோம். இது யார் அனுப்பியது, அண்ணை அதற்கு என்ன சொன்னார் என்று மச்சாளுக்கு நாங்கள் சொன்னோம். ஒரு மேளத்துக்கு நானும் கனகமும் ஒரே நேரத்தில் வாய் திறந்து, பிறகு இருவரும் நிறுத்திக்கொண்டோம்.

புறப்படும்போது மச்சாள் வாசல் படலை வரைக்கும் வந்தார். “வாற வியாழன் மண்டபத்துக்கு நானும் வரலாமோ? எத்தனை மணிக்கு?”

“ரண்டு மணிக்கு” என்றேன் நான்.

“ஒண்டரைக்கு வாங்கோ மச்சாள்” என்றாள் கனகம். “கதிரையளை வட்டமாப் போடோணும். இவளுக்கு முழங்கால் ஏலாது.”

என் முழங்காலைப் பற்றி இவளுக்கு என்ன கதை? படலையைத் திறந்துகொண்டு நடந்தேன்.

பிரகாசம் அண்ணை, நாங்கள் பஸ் தரிப்புக்கு நடந்தபோது உங்கள் வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது. சுந்தரம் ஸ்பீக்கரை விட்டுவிட்டு, பாட்டையும் உங்கள் போனுக்கு அனுப்பியிருந்தார்; மச்சாள் அந்தத் தாலாட்டைத் திரும்பவும் போட்டுவிட்டார். சத்தம் கூடிப்போய் தெரு முழுக்கக் கேட்டது. நாய் கூட்டிக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்று பார்த்தாள். குறைக்கத் தெரியவில்லையோ, வேண்டுமென்றே விட்டாரோ, நாங்கள் திரும்பிப் போய்க் கேட்கவில்லை. நீங்கள் ஆறுதலாகப் போங்கள். இங்கே பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.