மேடவாக்கத்தில் வாங்கிய பம்ப்

கேம்ப் ரோடு சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் தனசிங்கின் ஸ்கூட்டர் நகரவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர், "இன்னா சார், நட்டநடுவுல நின்னுகினு கீறே, வண்டிய எடு" என்று சத்தம் போட்டார். தனசிங் கைப்பிடியைப் பிடித்தபடி எதிரே வெறித்துக்கொண்டிருந்தான். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அவன் மகள் அபிகாயில் இறங்கி வந்து, "அப்பா கண்ண தெறந்துகிட்டே தூங்குறாரு" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னாள். அவளுக்கு ஏழு வயது. அந்த மனிதர்தான் வண்டியை ஓரங்கட்டி, குழந்தை சொன்னபடி அவன் சட்டைப்பையிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து வாயில் கொட்டினார். பிறகு அவன் போனிலிருந்தே அவன் மனைவி தபீதாளைக் கூப்பிட்டார்.

குரோம்பேட்டையில் துணிக்கடை ஒன்றில் பில் போடுகிறவள் தபீதாள். வரிசையில் நின்ற வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது தனசிங் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகமில்லை. மகளைப் பார்த்துச் சிரித்தான். தபீதாளால் அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

தனசிங்குக்குச் சர்க்கரை வந்தது காலேஜ் இரண்டாம் வருஷத்தில். உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிற வகை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, பெரியவர்கள் எல்லோரும் இருக்கும்போது, "நான் ஊசியால உயிரோட இருக்கிறவன். யோசிச்சு சொல்லுங்க" என்று அவனே சொன்னான். மறைக்கத் தெரியாத மனுஷன் என்றுதான் தபீதாள் அவனைக் கட்டிக்கொண்டாள். தினம் நாலு ஊசி, அளந்து சாப்பாடு, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. வாழ்க்கை ஒரு மாதிரி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் உடம்பே சொல்லிவிடும். கை நடுங்கும், கழுத்து வியர்க்கும், மிட்டாயை எடுத்துப் போட்டுக்கொள்வான். இருபது வருஷம் ஆனதில் உடம்பு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டது. இந்த வியாதியில் சிலருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர். சிக்னலில் நின்றதற்கு முந்தின மாசம் ஒன்பதாம் வகுப்பில் இதே மாதிரி ஆனது. போர்டில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினான். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்ததும் அழுதார்கள்.

பள்ளித் தாளாளர் லோகநாதன் கெட்டவர் இல்லை. ஆனாலும் இன்னொரு தடவை இப்படி ஆனால் வகுப்பு கொடுக்க முடியாது, பெற்றோர்கள் கேட்கிறார்கள் என்று தனசிங்கிடம் சொல்லிவிட்டார்.

டாக்டர் ஒரு வழி சொன்னார். இடுப்பில் மாட்டிக்கொள்கிற இன்சுலின் பம்ப். சின்ன செல்போன் அளவுதான் இருக்கும். வயிற்றில் ஒரு குழாய் வழியாகத் துளித்துளியாக மருந்தை இறக்கும். கூடவே ஒரு சென்சார் போட்டுக்கொண்டால், சர்க்கரை இறங்கும்போது பம்ப் தானே மருந்தை நிறுத்திவிடும், அதிர்ந்து எச்சரிக்கும். புதிதாக வாங்க வேண்டுமானால் தனசிங்கின் ஒன்றரை வருஷச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். இன்சூரன்ஸ்காரர்கள், முன்னாலேயே இருக்கிற வியாதி என்று கையை விரித்துவிட்டார்கள்.

சர்க்கரைக்காரர்கள் வீட்டு வாட்ஸ்அப் குழு ஒன்றில் தபீதாள் இருந்தாள். பழைய பம்ப் யாரிடமாவது இருக்குமா என்று அதில் கேட்டுப் பார்த்தாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது.

மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. தண்ணீர் லாரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் சுற்றிப் போய் ஏறினார்கள். யக்ஞநாராயணன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பம்ப் அவர் மகள் ஸ்ரீவித்யாவுடையது. அவள் ஜெர்மனிக்குப் படிக்கப் போய்விட்டாள், அங்கே அரசாங்க இன்சூரன்ஸிலேயே புதிதாகக் கொடுத்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எப்படிப் போட வேண்டும் என்று அவரே பொறுமையாகக் காட்டினார். பட்டன் ஒன்று கொஞ்சம் அழுத்தி அழுத்தித்தான் வேலை செய்தது. அதையும் மறைக்காமல் சொன்னார்.

பணத்தை வாங்குவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் சொல்லலேன்னு இருக்கப்படாது பாருங்கோ. மிஷின் வாங்கறது ஒரு தடவை செலவு. இந்த குழாய் செட்டை மூணு நாளைக்கு ஒண்ணு மாத்தணும். சென்சார் வாரத்துக்கு ஒண்ணு. அது நிக்காம வந்துண்டே இருக்கும். எனக்குப் பென்ஷன் வந்தது, பையன் அனுப்பினான், சமாளிச்சோம். நன்னா யோசிச்சுக்கோங்கோ."

யோசிக்க எதுவும் இருப்பதாகத் தபீதாளுக்குத் தோன்றவில்லை. சிக்னல்தான் கண்ணுக்குள் நின்றது. கடையில் போட்டுவந்த சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்திருந்தாள். அந்தப் பணத்தை மேஜையில் வைத்தாள். அவர் வீட்டில் மீந்திருந்த ஒரு பெட்டி செட்டையும் நாலைந்து சென்சாரையும் காசு வாங்காமல் பையில் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த சில வாரங்களைத் தபீதாள் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தாள். ராத்திரியில் எழுந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற வேலை இல்லாமல் போனது. வகுப்பில் இருக்கும்போது இடுப்பில் அதிர்ந்தால் தனசிங் பாடத்தை நிறுத்திவிட்டு இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுக்கொள்வான், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வான். சாருக்குப் பேட்டரி போட்டிருக்கிறது என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அபிகாயிலைக் கூட்டிக்கொண்டு குன்றத்தூர் பக்கம் வரைக்கும் ஸ்கூட்டரில் போய்விட்டு வந்தான். போகாதே என்று சொல்ல வாயெடுத்த தபீதாள், சொல்லாமல் வாசலில் நின்று கையசைத்தாள்.

இனாமாக வந்த பெட்டி தீர்ந்தது. புதிதாக வாங்கப் போனபோதுதான் யக்ஞநாராயணன் சொன்னதன் அர்த்தம் புரிந்தது. செட்டும் சென்சாரும் சேர்ந்து மாசம் அவன் சம்பளத்தில் முக்கால்வாசியைத் தின்றன. பம்ப் வேறு பெயரில் பதிவாகியிருந்ததால் கம்பெனிச் சலுகை எதுவும் கிடையாது, கடனும் கிடையாது, முழுத்தொகையை முன்னால் கட்டினால்தான் பார்சல். இந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பம்ப் வேண்டும், பம்பைக் காப்பாற்றிக்கொள்ள இந்த வேலையின் சம்பளம் வேண்டும். நடுவில் வாடகையும் அரிசியும் எங்கிருந்து வரும் என்பது தபீதாளுக்கு விளங்கவே இல்லை. பள்ளி வேனை நிறுத்தி அபிகாயிலை நடத்திக் கூட்டிப்போனாள். கடையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு நின்றாள். நாத்தனாரிடம் ஒருமுறை கேட்டாள், இரண்டாம் முறை கேட்க வாய் வரவில்லை.

பார்சல் தாமதமாகிற மாசங்களில் சென்சாரைக் கழற்றிவிட்டார்கள். செட்டை மட்டும் தனசிங் தவறாமல் மாற்றிக்கொண்டிருந்தான். மூன்று நாளைக்கு ஒருமுறை குளியலறைக் குப்பைக் கூடையில் பிரித்த பாக்கெட் கிடக்கும். தபீதாள் அதைப் பார்ப்பாள், மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அரையாண்டுப் பரீட்சை விடைத்தாள்கள் வீட்டில் குவிந்திருந்த ஒரு காலையில் தனசிங் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். ஏதோ சாப்பிட்டது சேரவில்லை என்றான். பத்து மணிக்கெல்லாம் மூச்சு ஓடிவந்தவனைப் போல வாங்கியது. வாயிலிருந்து பழம் அழுகினாற்போல ஒரு வாடை. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். குழாய் நுழைந்த இடம் சிவந்து, எலுமிச்சம்பழம் கணக்காகக் கெட்டித்துப்போயிருந்தது. உள்ளே குழாய் அடைத்துக்கொண்டு, எத்தனையோ மணி நேரமாக மருந்து ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இரண்டு கையிலும் சலைன் ஏற்றினார்கள். இந்த செட்டைப் போட்டு எத்தனை நாள் ஆகிறது என்று அங்கிருந்த பெண் டாக்டர் கேட்டார். நேற்றுத்தான் மாற்றினார், பாக்கெட்டைப் பார்த்தேன் என்றாள் தபீதாள். டாக்டர் தலையை ஆட்டினார். இது பத்து நாளுக்குக் குறையாது என்றார்.

மறுநாள் சாயங்காலம்தான் தனசிங்குக்குப் பேச்சு வந்தது. தபீதாள் அவனிடம் பாக்கெட்டைப் பற்றிக் கேட்டாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

"பழைய பாக்கெட்டை எல்லாம் பீரோல எடுத்து வச்சிருந்தேன். மூணு நாளைக்கு ஒண்ணா குப்பையில போட்டேன்."

"எனக்குக் காட்டுறதுக்கா?"

"நீ நிம்மதியா இருந்த தபீ. அத கெடுக்க மனசு வரல. ஒவ்வொரு பாக்கெட்டப் பிரிக்கறப்பவும் பாப்பா நடந்து போறது ஞாபகம் வந்துச்சு."

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கேட்பார்களே என்றுகூட அவள் பார்க்கவில்லை.

"நீங்க போயிட்டா அந்த மிச்சம் பண்ணின காசுல நான் என்ன வாங்கட்டும்? சொல்லுங்க, என்ன வாங்கட்டும்? எல்லார் முன்னாடியும் உண்மையச் சொன்ன ஆளுன்னுதான் உங்களக் கட்டினேன்."

தனசிங்கின் கண்ணோரம் வழிந்த நீரைத் துடைக்க முடியாமல் இரண்டு கையும் கட்டுக்குள் இருந்தன. தபீதாள்தான் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். துடைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். ஜெபம் பண்ணலாம் என்று பார்த்தால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. பம்ப் வேண்டும் என்றா, வேண்டாம் என்றா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஊசிக்கே திரும்புவது என்று முடிவானது. அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசம். சர்க்கரை பார்க்கிற பட்டைகளை மட்டும் காசு கொடுத்து வாங்கினால் போதும். ஸ்கூட்டரை விற்றுவிட்டார்கள். அதை விற்கச் சொன்னது தனசிங்தான்.

பம்பை விற்கப்போவதாக அதே வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். குன்றத்தூரிலிருந்து டெனிஸ் என்பவர் கேட்டு வந்தார். கூரியர் கம்பெனியில் சூப்பர்வைசர். பத்து வயதுப் பெண்ணுக்கு என்றார். தபீதாள் அவரை உட்கார வைத்து ஒன்று விடாமல் சொன்னாள். செட்டின் விலை, சென்சாரின் விலை, வேறு பெயரில் இருக்கிற பதிவு, தனசிங் செய்த காரியம், ஆஸ்பத்திரி. சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டும்படி கணவனையே கேட்டாள், அவனும் காட்டினான்.

டெனிஸ் தழும்பைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"எல்லாம் விசாரிச்சிட்டுத்தான் வந்தேங்க்கா. தூக்கத்துல அவளுக்கு ரெண்டு தடவ வலிப்பு வந்துடுச்சு. ஆறு மாசம் ஓட்டினாக்கூட ஆறு மாசம்தானே."

"அதுக்கப்புறம்?" என்றாள் தபீதாள்.

"அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

மேடவாக்கத்தில் தானும் அந்தப் பெட்டியை இப்படித்தான் பார்த்திருப்பாளோ என்று நினைத்துக்கொண்டாள். வாங்கிய விலையில் பாதிதான் கேட்டாள். அவர் எண்ணி வைத்துவிட்டுப் பெட்டியை மடியில் அணைத்தபடி ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

பள்ளித் தாளாளர் லோகநாதனைப் பார்க்கத் தபீதாள் தனியாகப் போனாள். நடந்ததை எல்லாம் சொன்னாள், கெஞ்சவில்லை. பம்பும் இல்லாதபோது வகுப்பு இனி தர முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆபீசில் மதிப்பெண் பதிவு செய்ய, கேள்வித்தாள் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும், சம்பளம் பாதிக்குக் கொஞ்சம் மேலே, பக்கத்திலேயே ஒருத்தர் எப்போதும் இருப்பார் என்றார். தனசிங்கிடம் அதைச் சொன்னபோது, பத்தாம் வகுப்பு யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டான். உமேஷ் என்ற புது வாத்தியார் என்றாள். நல்ல பையன்தான் என்றான்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று இருவரும் பஸ்ஸில் போனார்கள். ஏறுவதற்கு முன்னால் விரலைக் குத்திப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் கை தானாக அவன் முழங்கையைப் பிடித்தது. கேட்டுக்குச் சற்று முன்னாலேயே தனசிங் நின்றான்.

"நீ இங்கேயே இரு. பசங்க பாப்பாங்க."

சரி என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் உள்ளே நடந்தான். பழைய மாணவர்கள் ரெண்டு பேர் ஓடிவந்து வணக்கம் சொன்னார்கள். எந்த கிளாஸ் சார் என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அவன் ஏதோ சொல்லிவிட்டுக் கையை விரித்தான், பிறகு மாடிப் படியில் திரும்பாமல் நேராக ஆபீஸ் பக்கம் போனான்.

தபீதாள் எதிர்ச்சாரி ஜூஸ் கடை நிழலில் நின்றுகொண்டிருந்தாள். மணி அடித்தது. மைதானம் காலியானது. திறந்திருந்த ஜன்னல் வழியாக யாரோ ஒரு வாத்தியார் குரல் கேட்டது, அது அவன் குரல் இல்லை. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.