அண்ணி தொட்டியின் மீசைக்காரன்

மீன்கடை அண்ணி ஊருக்கே அண்ணி. வண்ணமீன் வாங்க வரும் பல்லுப்போன தாத்தாகூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார். உண்மையில் அவளுக்கு இருப்பது ஒரே ஒரு கொழுந்தன். கடையில் மோட்டார், விளக்கு, வாய்ப்பேச்சு மூன்றும் அவன் பொறுப்பு. கணவருக்குக் கல்லா. தண்ணீர் மாற்றுவது, பாசி சுரண்டுவது, செத்ததைச் சத்தமில்லாமல் அப்புறப்படுத்துவது எல்லாம் அண்ணி. "கொஞ்சம் செண்டு போட்டுக்கயேன்" என்று கணவர் மூக்கைப் பொத்தினால், "போட்டா மீனெல்லாம் மயங்கி விழும்" என்பாள்.

பின்கட்டில் ஒரு தொட்டி மட்டும் அவளுக்கே அவளுக்கு. அதில் ஒரு ஜோடிக் கெளுத்தி. ஆணுக்கு மூக்கைச் சுற்றி முள் முள்ளாக மீசை. பெண்ணுக்கு வழவழ முகம். பெண்ணுக்கு எங்கே தீனியோ அங்கே வீடு. ஆண் அப்படியில்லை. ஒரு பைப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வருகிற எல்லாரையும் கதவு தட்டிய கடன்காரனைப் போல முறைக்கும்.

"குடித்தனம் பண்றதோட சரி. ஒரு குஞ்சைக் காணோம்" என்றார் கணவர். "இந்தத் தடவையும் இல்லன்னா தொட்டியக் காலி பண்ணிடு. தங்கமீன் விடணும்."

அடுத்த வாரமே பைப்புக்குள் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாக முட்டை. அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்றைக்குப் பார்த்து, கொழுந்தனின் எட்டு மாதக் கர்ப்பிணி மனைவிக்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனை. "நீயே கூட்டிட்டுப் போயேன் தம்பி" என்றாள் அண்ணி.

"அங்க நான் போயி என்ன பண்ண? பிள்ளை விஷயமெல்லாம் உங்க டிபார்ட்மென்ட், அண்ணி. நான் கடையப் பாத்துக்கறேன்."

"அப்ப முட்டையப் பத்திரமா பாத்துக்க."

பார்த்துக்கொண்டான். மத்தியானம் அவள் திரும்பியபோது, மெடல் வாங்கப் போகிறவன் மாதிரி வாசலிலேயே நின்றான். "நல்லவேளை நான் இருந்தேன், அண்ணி. அந்த மீசைக்காரன் முட்டைமேல ஏறி உக்காந்திருந்தான். ஒரே முழுங்கா முழுங்கியிருப்பான். தூக்கித் தங்கமீன் தொட்டியில போட்டுட்டேன். அம்மாக்காரி இனி நிம்மதியா காவல் காப்பா."

அண்ணி ஓடிப்போய்ப் பார்த்தாள். அம்மாக்காரி மூலையில் முட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெள்ளரித் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அவன்தான்டா அப்பன்."

"அப்பன் எதுக்கு முட்டைமேல உக்காரணும்?"

"இதுங்கள்ல அவன்தான் உக்காரணும். செட்டையால விசிறிக்கிட்டே இருக்கணும். இல்லன்னா முட்டை பூசணம் பிடிச்சிரும்."

கொழுந்தன் முகம் தொங்கிப்போனது. தங்கமீன் தொட்டியிலோ மீசைக்காரன் அதற்குள் பொம்மைக் கோட்டையைப் பிடித்துவிட்டான். தங்கமீன்கள் எல்லாம் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. வலையை விட்டால் முள் சிக்கும். அண்ணி கோட்டையை ராஜாவோடு சேர்த்து வாளியில் இறக்கி, அப்படியே பழைய தொட்டிக்குள் வைத்தாள்.

ராஜா வெளியே வரவில்லை. இப்போது அவனுக்குக் கோட்டை இருக்கிறதே, ஓட்டைப் பைப்பு எதற்கு? கணவரும் வந்து எட்டிப் பார்த்து, "தங்கமீனுக்குச் சொல்லி விடவா?" என்றார். இருட்டினால் வெளியே வருவான் என்று அண்ணி தொட்டி விளக்கை அணைத்தாள். கொழுந்தன் தொட்டிமுன் குந்தி, "ஏய், வாடா. தப்பு என்னோடதுதான், வாடா" என்று கண்ணாடியிடம் கெஞ்சினான். கிண்டலடிக்க வந்த கணவர்கூட அவன் முகத்தைப் பார்த்துக் கல்லாவுக்கே திரும்பினார்.

வெள்ளரி தீர்ந்துபோய் அம்மாக்காரி பைப்பு வாசலில் மூக்கை நுழைத்தாள். அவ்வளவுதான். கோட்டையிலிருந்து மீசை அம்பு மாதிரி பாய்ந்தது. அவளை ஒரே இடியில் தள்ளிவிட்டுப் பைப்புக்குள் புகுந்து, முட்டைமேல் பரப்பிப் படுத்து விசிற ஆரம்பித்தது. இரண்டு மூன்று முட்டை வெளுத்துப் போயின. மிச்சமெல்லாம் ஒரு வாரத்தில் குஞ்சாகிக் கண்ணாடியில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டன. கணவர் தங்கமீன் பேச்சை எடுக்கவேயில்லை.

அடுத்த மாதம் கொழுந்தனுக்குப் பெண் பிறந்தது. அண்ணி பார்க்கப் போனபோது கரண்ட் இல்லை. கொழுந்தன் குழந்தையை மடியில் போட்டு, மடித்த பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தான். பெற்றவள் கட்டிலில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அண்ணி கை நீட்டினாள். அவன் குழந்தையோடு ஒரு சாண் நகர்ந்தான்.

"கையக் கழுவிட்டீங்களா? மீன்வாடை அடிக்குது."

"மீசைதான்டா குறைச்சல் உனக்கு" என்று அண்ணி கை கழுவப் போனாள்.