ஒரு சாண் உயர்ந்த கல்

என் அப்பா அளவுக்கோல் பிடித்தவர். கம்பளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் எல்லா அப்பாமாரும் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டிய காலத்தில், என் அப்பா ஒருத்தர்தான் சிவப்பும் கறுப்பும் கோடு போட்ட, ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான கோலைப் பிடித்து நின்றார். இதை யாரிடம் சொன்னாலும் இன்றைக்கும் என் முதுகு தானாக நிமிரும்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் இருக்கும். மலையின் உயரம் அளக்க கவர்மெண்டிலிருந்து ஒரு சர்வேயர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கை நடுங்காத ஆள் ஒன்று வேண்டும் என்று கங்காணியிடம் கேட்டு அப்பாவை எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே உயரம் குறித்திருந்த ரயில் ஸ்டேசனில் தொடங்கினார்கள். அவர் மூன்று கால் வைத்த கண்ணாடிக் குழலை நட்டுப் பார்ப்பார்; அப்பா கோலோடு முன்னே போய் நிற்பார். பிறகு அவர் நகருவார். படி ஏறுகிற மாதிரி மூன்று நாளாக மலை ஏறி வந்தார்கள். பகலில் அவர்களுக்குச் சாயத்தண்ணி, பால் விடாத தேநீர், கொண்டுபோவது என் வேலை.

எட்டு வயதில் எனக்கு வாய் நீளம். "ஐயா, எதுல இருந்து அளக்குறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"கடலில இருந்து, பிள்ளை."

"கடல் இங்க இல்லையே?"

அவர் சிரித்தார். துறைமுகத்தில் கடல் ஏறுவதையும் இறங்குவதையும் வருஷக்கணக்காகக் குறித்து, நடுவை எடுத்து வைத்திருக்கிறார்களாம். அந்த நடுவிலிருந்து இந்த மலைக்கு அடி வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டியதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். "அதில தண்ணி ஓடாமல் எங்க நிக்குமோ, அதுதான் கடல் மட்டம். நிப்பாட்டுறது பூமியின்ர இழுவை. இந்த மலையும் தன் பங்குக்குக் கொஞ்சம் இழுக்கும்." குழலின் மேல் கண்ணாடிக்குள் ஒரு குமிழி இருந்தது. அதுவும் அந்த இழுவைக்குத்தான் அடங்கி நிற்கிறது என்றார். அப்பா எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டினார். நான் கடலைத் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி தட்டையாக நினைத்துக்கொண்டேன்.

அது அப்படி இல்லையாம். இழுவை கூடின பக்கம் தண்ணீர் சேருமாம், குறைந்த பக்கம் தாழுமாம். உலகத்திலேயே கடல் ஆகத் தாழ்ந்து கிடப்பது நம்ம நாட்டுக்குத் தெற்கே என்று கண்டியில் படிக்கிற என் பேத்தி வாசித்துக் காட்டினாள். "கப்பல் சரிஞ்சு விழாதா?" என்றேன். "அங்கயும் குமிழி நடுவுலதான் நிக்கும், அம்மாயி" என்றாள். சர்வேயர் சொன்னது அறுபது வருஷம் கழித்துத்தான் எனக்குள் இறங்கியது.

அளவு போய் முடிய வேண்டிய இடம் ஆறாம் நம்பர் மலையில் ஒரு கல். வெள்ளைக்காரன் காலத்தில் நட்டது. அதன் உயரம் சர்வேயரின் புத்தகத்தில் இருந்தது. கல்லின் முகத்தில் ஒரு புள்ளியில் கூடுகிற மூன்று கோடு வெட்டியிருக்கும். எங்கள் பெரியம்மா, அம்மாவின் அக்கா, அதைச் சூலம் என்று கண்டுபிடித்தார். கவிழ்ந்திருக்கே என்றவர்களிடம், "கவுந்தாலும் சூலம் சூலந்தான்டி" என்றார். கவ்வாத்துத் தொடங்குமுன் சாமி கும்பிடுவது தோட்டத்து வழக்கம். அந்த வருஷம் பெரியம்மா அந்தக் கல்லையே கவ்வாத்துச் சாமி ஆக்கிவிட்டார். சாமி கழுத்தளவு மண்ணுக்குள் கிடக்கலாமா என்று இரண்டு ஆள் வைத்து நெம்பி, அடியில் கல் அடுக்கி, சுற்றிலும் மண் பூசி மெழுகிக் குங்குமம் வைத்தார். மண் குழைக்கத் தண்ணீர் சுமந்தது நான்.

மூன்றாம் நாள் பின்னேரம் அந்தக் கல்லின் தலையில் அப்பா கோலை வைத்தார். சர்வேயர் பார்த்தார், எழுதினார், கூட்டினார். முகம் கறுத்துப்போனது.

"ஒரு சாண் கூடி வருது. நீர் வழியில எங்கயோ கோலை அசைச்சிட்டீர். மூண்டு நாள் வேலை மண். நாளைக்கு வேற ஆள் பாக்கிறன்."

கொழுந்து நிறுக்கப் போன பெண்கள் நின்று பார்த்தார்கள். "கோல் புடிச்ச தொரை நாளைக்கு நம்மகூட கத்தி புடிக்க வர்றாரு டோய்" என்று ஒருத்தி சிரித்தாள். அந்தக் கூட்டத்தில் பெரியம்மாவும் இருந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா தலையைக் குனிந்து, "சரிங்கய்யா" என்றார். அவ்வளவுதான்.

நான் கையை விரித்துப் பார்த்தேன். ஒரு சாண். பெரியம்மா சாமி கும்பிட்ட அன்றைக்குக் கல்லுக்கு அடியில் அடுக்கிய அதே உயரம்.

"அப்பா சரியாத்தான் புடிச்சாரு! கல்லுதான் ஏறியிருக்கு!" என்று கத்தினேன்.

சர்வேயர் கத்தியால் மெழுகைச் சுரண்டினார். உள்ளே புதுசாக அடுக்கிய கல் தெரிந்தது. "ஆர் செய்தது?" அப்பா என் தோளை அழுத்தினார். நானோ பெருமையோடு பெரியம்மாவைக் கையால் காட்டிவிட்டேன்.

சர்வேயர் பெரியம்மாவைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், ஏதோ எழுதினார். "கல்லு அசைஞ்சிருக்கு எண்டு மட்டும் எழுதியிருக்கிறன். ஆர் அசைச்சது எண்டு கடலுக்குத் தெரியத் தேவையில்லை" என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "நாளைக்கு விடிய வெள்ளென வாரும். பின்னுக்கிருக்கிற பாறையில புதுசா ஒரு குறி வெட்டுவம். அதை ஒருதரும் நெம்ப ஏலாது" என்றார்.

அப்பா அதற்குப் பிறகு அவரோடு நாவலப்பிட்டி, அதற்கும் மேலே என்று எத்தனையோ மலை ஏறினார். நாங்கள் குடியிருந்த லயம் முழுக்க நான்தான் அப்பாவைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

பல வருஷம் கழித்து, பெரியம்மா படுக்கையில் கிடந்த காலத்தில்தான் சொன்னார்: "அன்னைக்குக் காலையிலயே, கல்ல நெம்புனத ஒங்கப்பன்கிட்ட ஒளிக்காம சொல்லிட்டேன்டி. கவர்மெண்டு கல்ல தொட்டா போலீசு வரும், தாலியறுத்தவ, லயத்த விட்டே வெரட்டிருவாங்கன்னு அழுதேன். 'நீங்க வாயத் தொறக்காதீங்க மதினி, பழி எம்மேல விழுந்துட்டுப் போகட்டும்'னாரு."

கோலை அசைத்தவர் என்று ஊர் முன்னால் பேச்சு வாங்கிக்கொண்டு அப்பா ஏன் "சரிங்கய்யா" என்று நின்றார் என்பது அந்த எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.