கண் வைக்காத துரை

உனக்கு வேறு வேலை இல்லையா? பரண்மேல் கிடந்த பலகையை யார் உன்னை இறக்கச் சொன்னது? இறக்கியதும் இல்லாமல், இந்தப் படத்தில் இருக்கிற துரைக்கு ஏன் கண்ணே இல்லை என்று கேள்வி வேறு. தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய், வைத்தியரைக் கூட்டி வரப் போகிறாயா? சரி, கேட்டுத் தொலை.

உன் தாத்தா மாரிகுப்பம் சுரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகளில் பாதிக்கு அவரிடம்தான் எழுத்து வந்தது. எனக்கு வரவில்லை. என் பெயரில் ஒரு எழுத்தை இன்றைக்கும் திருப்பித்தான் போடுகிறேன். கத்திக் கத்திக் குரல் போனதும், வேலூரிலிருந்து ஒரு புது வாத்தியாரை வரவழைத்து இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்றால் எந்த வீடு? பள்ளிக்கூடத்தை ஒட்டிய அந்த ஓட்டு வீடு வேலையோடு வந்தது. அதில் நாங்கள் இருப்பதா, போவதா என்று சொல்ல வேண்டியவர் சுரங்கத்துப் பெரிய துரை.

சும்மா உட்கார முடியாமல் இவர் படம் எழுத ஆரம்பித்தார். முதலில் ஒரு பசு. எதிர்வீட்டுக் குழந்தை அதைப் பார்த்து "நாய்" என்றது. நான் சிரித்ததில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார்.

"துரையை எழுதிக் குடுத்து, வூட்டைக் கேக்கப் போறேன்மே."

"அவரையாவது மனுசனா எழுதுங்க."

சுரங்கத்து வெடிமருந்துப் பெட்டிப் பலகை, சுண்ணாம்பு, காவி, அடுப்புக்கரி, வேப்பம்பிசின். கரி அரைத்தது நான்தான். ஒரு மாதத்தில் தொப்பி, மீசை, சிவந்த மூக்கு எல்லாம் வந்துவிட்டன. கண் மட்டும் பாக்கி. சாமிக்குப் போல நேரம் பார்த்துத்தான் கண் திறக்க வேண்டும் என்றார். துரை திங்கட்கிழமை பத்து மணிக்கு வீட்டைப் பார்க்க வருவதாக, ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்கு ராகு காலம் முடியும், ஒன்பதேகாலுக்குக் கண்.

துரை எட்டு மணிக்கே வந்து நின்றார்.

நான் உன் தாத்தா காதில் சொன்னேன்: "ஏங்க, ரெண்டு புள்ளி வெச்சிடுங்க. யாருக்குத் தெரியும்?"

"ராகு காலத்துல கண்ணு தொறந்தா அவருக்கு ஆவாதுமே. நல்லா இருக்கற மனுசன்."

பார்த்தாயா? வீடு போகிற நேரத்தில் துரைக்கு ஆகாதாம்.

துரை பலகையைக் கையில் எடுத்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "வாத்தியார், கண் எங்கே?"

"ஒரு மணி நேரம் இருந்தா வெச்சிடுவேன் தொரை. இப்ப நேரம் சரியில்ல."

கூட வந்த கிராணி இங்கிலீஷில் என்ன சொன்னாரோ, கடவுளுக்குத்தான் தெரியும். துரையின் மூக்கு படத்தில் இருந்ததைவிடச் சிவந்தது. பலகையைத் திண்ணைமேல் வைத்துவிட்டுக் குதிரை ஏறினார். எட்டு நாளில் காலி செய்ய வேண்டும் என்று சாயங்காலம் ஆள் வந்து சொன்னான்.

என் விரலில் அப்போதும் கரி இருந்தது. இவரைத் தள்ளிவிட்டு நானே இரண்டு புள்ளி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இவர் துரைக்காகப் பயந்தார், நான் இவருக்குப் பயந்தேன்.

அதற்குப் பிறகு ஒன்பதேகால் மணி எத்தனையோ முறை வந்தது. உன் தாத்தா படம் எழுதும் குச்சியைத் தொடவே இல்லை.

மூங்கில் தட்டி வைத்த குடிசைக்குப் போனோம். மழைச் சாரல் அடித்த பக்கம் அந்தப் பலகையை நான்தான் கட்டினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள்.

"இன்னாக்கா, இந்த தொரைக்குக் கண்ணே இல்ல?"

"நான்தான் வாணான்னு சொல்லிட்டேன்" என்றேன். "கண்ணு இருந்தா, நம்ம இருக்கற எடத்தைப் பாத்து பாவம் அவரு மனசு கஷ்டப்படுவாரு."